தீவுக்கு வருகிறவர்களுக்கு அப்பாவின் யோசனைகள்

அன்பு மகளே,

வருகிற விருந்தாளிக்கெல்லாம் "ரப்பர் செருப்பு இல்லாம கடல்ல இறங்காதீங்க" என்று பாடம் நடத்துகிற நான், நேற்று வெறுங்காலோடு இறங்கிப் பாறையில் ஒட்டிக்கிடந்த கடல்முள்ளெலியை மிதித்துவிட்டேன். மாடியறையில் வாடகைக்குத் தங்கியிருக்கும் ஜெர்மன்காரிதான் முள்ளைப் பிடுங்கினாள். தெருவே சிரித்தது.

ஆகவே முதல் யோசனை, செருப்பு. ஸ்பிளிட் துறைமுகத்தில் காலைப் படகைப் பிடியுங்கள், மத்தியானப் படகில் நிற்க இடமிருக்காது. மாப்பிள்ளைக்குத் தொப்பி வேண்டும். அம்மா இருந்தால் இன்னும் நிறையச் சொல்லியிருப்பாள். எனக்கு இவ்வளவுதான் தோன்றுகிறது.

ஓட்டலில் அறை எடுத்துவிட்டதாக எழுதியிருந்தாய். நல்ல ஓட்டல்தான்.

பக்கத்து வீட்டு ஸோர்காதான் விடவில்லை.

"ஏம்ப்பா, சொந்த மக ஓட்டல்லயா தங்கணும்? அவ அறையையும் வாடகைக்கு விட்டுட்டியா?"

"கோடையில இந்த ஊர்ல எவன் சொந்தக் கட்டில்ல படுக்கிறான்? நானே அடுப்படியில கிடக்கேன்" என்றேன். அவளும் சிரித்துவிட்டாள். நீயும் சிறுமியாக இருந்தபோது ஒவ்வொரு ஜூனிலும் தலையணையைக் கட்டிக்கொண்டு முனகியபடியே எங்களோடு அடுப்படிக்கு வந்தவள்தானே.

இந்த வருஷம் உன் கட்டிலை யாருக்கும் கொடுக்கவில்லை, விரிப்பு மாற்றி வைத்திருக்கிறேன் என்பதை மட்டும் ஸோர்காவிடம் சொல்லவில்லை.

இப்படிக்கு,
நொண்டிக்கொண்டிருக்கும் உன் அப்பா