மாடியில் பூட்டி வைத்த செங்காந்தள்

என் அருமை அக்காவுக்கு,

நீ கண்ணை மூடி மூன்று வருஷமாகிறது. ஊரில் யாரிடமும் சொல்ல முடியாத ஒன்றை உன்னிடம் சொல்ல வேண்டும்.

உன் திருப்பரங்குன்றம் வீட்டைக் காலி செய்தபோது, ஒரு டப்பாவில் நீ சேர்த்து வைத்திருந்த செங்காந்தள் விதைகள் கிடைத்தன. தல்லாகுளத்தில் என் வீட்டுக்குக் கொண்டுவந்து, ஊறவைத்து, இரண்டு தொட்டிகளில் விதைத்தேன். முளைக்கவே இரண்டு மாதத்துக்கு மேல் ஆனது. முதல் வருஷம் புல் மாதிரி ஓர் இலை. வெயிலில் அதுவும் காய்ந்துபோனது. செத்துவிட்டது என்றே நினைத்தேன். மழை பெய்ததும் உள்ளே இருந்த கிழங்கு மறுபடி தளிர்த்தது. இந்த வருஷம்தான் கம்பைப் பற்றி ஏறியது.

போன மாதம் உன் மகள் மலர், ஒன்றரை வயதுப் பையனோடு வந்திருந்தாள். நாங்கள் அடுப்படியில் பேசிக்கொண்டிருந்தோம். வெளியே சத்தமே இல்லை. போய்ப் பார்த்தால் ஒரு தொட்டி கவிழ்ந்து கிடக்கிறது. உன் பேரன் கையில் கிழங்கு, வாயெல்லாம் மண்.

"சித்தி, என்ன செடி இது?"

"காந்தள்டி. கிழங்கு வெசம்."

பிள்ளையைத் தூக்கிக்கொண்டு செருப்பில்லாமல் தெருவுக்கு ஓடினாள். கிழங்கைப் பையில் போட்டுக்கொண்டு நானும் ஓடினேன். ஆட்டோவில் அவன் வாயைத் துடைத்தபடியே கேட்டாள்: "அம்புட்டு வெசம்னு தெரிஞ்சும் புள்ள வர்ற வீட்ல வப்பீங்களா?"

டாக்டர் கிழங்கைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "கடிச்ச தடம் தெரியல. ஆனாலும் ரெண்டு நாள் இங்கயே இருக்கட்டும்மா." அந்த இரண்டு நாளும், அவன் லேசாக இருமினால்கூட எங்களுக்கு உயிர் போய் வந்தது. நல்லவேளை, ஒன்றும் ஆகவில்லை அக்கா. மூன்றாம் நாள் அவன் சிரித்துக்கொண்டே வீட்டுக்குப் போனான்.

மலர்தான் பேசவில்லை. பத்து நாள் கழித்துப் போன் செய்தாள்.

"இன்னொரு செடியையும் புடுங்கிட்டீங்களா?"

"புடுங்கிட்டேன்டி."

பொய். அதை மாடிக்குத் தூக்கிப் போய், கதவைப் பூட்டி வைத்திருக்கிறேன். நீ எடுத்து வைத்த விதை. பிடுங்கக் கை வரவில்லை. இன்று காலைதான் அதன் முதல் பூ விரிந்தது. அதைப் பார்த்து நிற்கவே பயமாக இருந்தது. நீயாக இருந்தால் என்ன செய்திருப்பாய்?

ஞாயிற்றுக்கிழமை அவள் வீட்டுக்குப் போகிறேன். முகத்தைப் பார்த்து உண்மையைச் சொல்லிவிடுவேன். பிடுங்கச் சொன்னால், கிழங்கு துளிகூட மிச்சமில்லாமல் நானே தோண்டி எடுப்பேன். கோபத்தில் கதவைச் சாத்தினாலும் வாசலிலேயே நிற்பேன். இனி உன் பிள்ளையிடம் பொய் சொல்ல மாட்டேன் அக்கா. இது சத்தியம்.

உன் கூடப்பிறந்தவள்,
செல்வி