பிரிக்காத மெத்தை

நாள் 191 · 07:10
விண்வெளி நிலையத்தை மூடும் வேலை. மற்ற இருவரும் போன வாரம் இறங்கிவிட்டார்கள். விளக்கணைத்துப் பூட்டிவிட்டு வர நான். நேற்று குப்பைக் கலத்தைக் கழற்றிவிட்டேன். உள்ளே பழைய வடிகட்டிகள் பதினொன்று, அறுந்த உடற்பயிற்சிப் பட்டை, பிரிக்காத பார்சல் ஒன்று. பார்சலின் மேல் அனுப்பியவர் பெயர் மாசிலாமணி. அதற்கு மேல் படிக்கவில்லை. கலம் இன்று 06:52க்குக் காற்றுமண்டலத்தில் எரிந்து முடிந்தது. மற்றவை வழக்கம்போல்.

நாள் 191 · 13:40
என் உயரம் 174.8 செ.மீ. பூமியில் 169.6. எடையில்லாத இடத்தில் முதுகெலும்பு நீளும், இடுப்பு வளைவு நிமிர்ந்துவிடும்.

இதைக் கண்டெடுப்பவர் துறைக்குப் புதியவராக இருக்கலாம். பூமிக்குத் திரும்பும்போது மல்லாந்து, முழங்காலை மார்புப் பக்கம் மடக்கிப் படுத்திருப்போம். விசையை உடல் எடையின் மடங்காக, ஜி என்று எண்ணுவோம்; அது முதுகின் குறுக்கே விழ வேண்டும், நெடுக்கே விழக்கூடாது. அதற்காக ஒவ்வொருவரையும் பிளாஸ்டர் தொட்டியில் படுக்கவைத்து, வார்ப்பெடுத்து, மெத்தை செய்வார்கள். உடலுக்கும் மெத்தைக்கும் நடுவே விரல் நுழைந்தால் முதுகெலும்பு தாங்காது.

இந்த விதி நான் கண்டுபிடித்தது. பாடப்புத்தகங்களில் மாசிலாமணி விதி என்று இருக்கும். விடுதியில் ஒரே மேசையில் உட்கார்ந்து எழுதினோம். அவன் தன் பெயரை முதலில் போட்டுக் கட்டுரையை அனுப்பிவிட்டான். இருபத்திரண்டு வருடம்.

நாள் 192 · 05:25
இறங்குகலத்தின் குளிர்விப்புக் குழாயில் கசிவு. அடைக்க முடியவில்லை. இன்றே இறங்க வேண்டும். காலில் ஏதும் அடிபடாமல் நடந்து வீட்டுக்குப் போக வேண்டும், அவ்வளவுதான். மூன்றாவது மாடி. லிஃப்ட் கிடையாது.

நாள் 192 · 05:58
தரைக்கட்டுப்பாடு மாசிலாமணியைப் பேச வைத்தது. உள்ளபடியே பதிகிறேன்.

"அருள், நான்தான். கோவத்த அப்புறம் வச்சுக்கோ. என் பார்சல் வந்துச்சா?"

"வந்தது."

"அது உன் மெத்தைடா. நீ தொட்டிக்கு வரமாட்டேன்னு தெரியும். போன வருஷ ஸ்கேன வச்சு நானே செதுக்கினேன். முதுகு நீள அஞ்சு சென்டிமீட்டர் விட்டிருக்கேன். மாட்டிட்டியா?"

குப்பைக் கலம் எரிந்த நேரத்தைப் பதிவேட்டில் பார்த்தேன்: 06:52.

"மாட்டிட்டேன்."

"அப்ப இப்பவே செங்குத்தா இறங்கிடு. எட்டு ஜி வரும், புதுசுல ஒண்ணும் ஆகாது. பழைய மெத்தைதான்னா சொல்லு. ஆறு மணி நேரம் கழிச்சு இன்னொரு வாய்ப்பு இருக்கு, மெதுவா நாலு ஜி-ல வரலாம். உள்ள கொஞ்சம் வேகும், செத்துப்போகமாட்டே. அதுக்குள்ள கத்தியால எங்க எங்க சீவணும்னு நான் சொல்றேன்."

"நீ எனக்குச் சொல்லித்தரப் போறியா? மாட்டிட்டேன்னு சொன்னேன்ல."

"சரிடா சாமி. உள்ள ஒரு லெட்டர் வச்சிருந்தேனே, படிச்சியா?"

"ம்."

"அத எழுத இருபத்திரண்டு வருஷம் ஆச்சுடா எனக்கு. சரி, எறங்கு. கதவ நான் வந்து தெறக்கறேன்."

நாள் 192 · 06:34
கலத்துக்குள். கதவு பூட்டியாயிற்று.

பழைய மெத்தை. எட்டு வருடத்துக்கு முன் எடுத்த வார்ப்பு, நீள இடம் விடாதது. புது வார்ப்புக்கு மூன்று முறை கூப்பிட்டார்கள். உள்ளாடையோடு அந்தத் தொட்டியில் நான் கிடக்க, அவன் மாணவர்கள் சுற்றி நிற்க, அவன் கையால் என் இடுப்பில் சாந்து பூசுவானா? போகவில்லை. பழையதே போதும் என்று நானே கையெழுத்துப் போட்டேன். அந்தக் கையெழுத்தைக் கேள்வி கேட்கும் தகுதி துறையில் ஒருவனுக்குத்தான் உண்டு. அவன் கேட்கவில்லை. மெத்தை செதுக்கிக்கொண்டிருந்திருக்கிறான்.

இடுப்புக்கும் மெத்தைக்கும் நடுவே மூன்று விரல் நுழைகிறது. வளைவுக்கான மேடு தப்பான எலும்பில் குத்துகிறது. துண்டை மடித்துச் செருகினேன். நழுவுகிறது.

நாள் 192 · 06:41
உண்மையைச் சொல்ல இன்னும் மூன்று நிமிடம் இருக்கிறது. ஒலிவாங்கி வாய்க்கு நேராக இருக்கிறது.

லெட்டரில் என்ன எழுதியிருந்தான்?

நாள் 192 · 06:44
இறக்க எஞ்சின் எரியூட்டல் தொடங்கியது.

நாள் 192 · 07:38 · குரல் பதிவு
தரை. பக்கவாட்டில் கிடக்கிறது கலம். எட்டு ஜி-யில் துண்டு நழுவிவிட்டது. தரை மோதியபோது ஒரு சத்தம் கேட்டது. கலத்திலிருந்து வந்த சத்தம் அல்ல.

வலி இல்லை. வலி இருந்திருக்க வேண்டும்.

வெளியே தட்டுகிறான். "அருள்! கேக்குதா? கால் விரல அசைடா, அசைச்சுப் பாரு!"

அசைத்துக்கொண்டுதான் இருக்கிறேன். ஜன்னல் வெளிச்சத்தில் பூட்ஸ் இரண்டும் சும்மா கிடக்கின்றன.

"புது மெத்தைதானே, ஒண்ணும் ஆகியிருக்காது" என்று பக்கத்தில் யாரிடமோ சொல்கிறான். சிரிக்கிறான். கதவின் திருகு சுற்றுகிறது.

மாசி, திறக்காதே. கொஞ்ச நேரம். மாசி, நீ இதைப் பார்க்க