அலமாரியில் இருந்த ரெஞ்ச்

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதுவது. நலம், நலமறிய ஆவல் என்று தொடங்கித்தான் இத்தனை வருடமும் உனக்கு எழுதியிருக்கிறேன், இன்றைக்கு அதை அப்படியே எழுதக் கை வரவில்லை. அம்மா நலம். இடது மணிக்கட்டில் கட்டு இருக்கிறது, வலி குறைந்துவிட்டது, விரல்களை அசைக்கிறாள், டாக்டர் ஐந்து வாரத்தில் கட்டைப் பிரித்துவிடலாம் என்கிறார். ஒரு கையால் தலை பின்ன முடியவில்லை என்று வியாழக்கிழமை என்னைக் கூப்பிட்டாள், நான் பின்னிய அழகைக் கண்ணாடியில் பார்த்துவிட்டு வாய்விட்டுச் சிரித்தாள். வெள்ளிக்கிழமையிலிருந்து சிரிக்கவில்லை, அதற்குக் காரணம் பின்னால் வருகிறது. நான் உடம்பளவில் நன்றாகத்தான் இருக்கிறேன். இந்தக் கடிதத்தை எழுதி முடித்ததும் அம்மா ஃபோனில் படம் பிடித்து இன்றே உனக்கு அனுப்பிவிடுவாள், தாள் தபாலில் வந்து சேரும். நேரில் பேசுகிற மாதிரி ஃபோனிலேயே சொல்லியிருக்கலாமே என்று நீ கேட்பாய். ஃபோனில் சொன்னால் பாதியிலேயே நீ பரவாயில்லப்பா என்று சொல்லிவிடுவாய், நானும் அதுதான் சாக்கென்று மீதியை விழுங்கிவிடுவேன். என்னை எனக்குத் தெரியும்.

முதலில் அவசரமானதைச் சொல்லிவிடுகிறேன். வருகிற திங்கட்கிழமை உன் மேலாளரிடம் போய், எனக்கு ரெஞ்ச் அனுப்பிய மாதம் நீ சரிபார்த்துக் கையெழுத்துப் போட்ட நாற்பது கருவிகளையும் திரும்ப வரவழைக்க வேண்டும் என்று சொல்லப் போகிறாய் அல்லவா, அதைச் சொல்லாதே. உன் வேலையில் ஒரு குறையும் இல்லை. நீ அனுப்பிய, போல்ட்டை அளவோடு இறுக்குகிற அந்த டார்க் ரெஞ்சிலும் ஒரு குறையும் இல்லை. நான் அதைப் பெட்டியிலிருந்து எடுக்கவே இல்லை பாப்பா. போன ஞாயிற்றுக்கிழமை மட்டுமல்ல, அது வந்து சேர்ந்த நாளிலிருந்து ஒரு தடவைகூட எடுக்கவில்லை. எட்டு மாதமாக அது படுக்கையறை அலமாரியில், போர்வைகளுக்குக் கீழே, நீ ஒட்டிய ஸ்டிக்கர்கூடக் கிழியாமல் புத்தம் புதிதாகப் படுத்திருந்தது.

ஏன் என்று கேட்டால் சொல்லவே கூச்சமாக இருக்கிறது. சரிபார்த்த கருவிக்குச் சான்றிதழில் கையெழுத்துப் போடும் உரிமை உனக்குக் கிடைத்ததும் முதலில் அனுப்பிய பொருள் அது. பெட்டியின் மூடியில் கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் உறைக்குள் அந்தச் சான்றிதழ் இருக்கிறது, அதன் அடியில் உன் கையெழுத்து இருக்கிறது. முப்பத்தொரு வருடம் கடைக் கடையாக ஏறி இறங்கித் தராசுக்கும் படிக்கல்லுக்கும் முத்திரை குத்தியவன் நான், என் மகள் தானே ஒரு கருவிக்குச் சான்று எழுதுகிறாள் என்றால் எனக்குத் தலைகால் புரியுமா? வீட்டுக்கு யார் வந்தாலும் பெட்டியை எடுத்து வந்து காட்டுவேன், இதில் வேண்டிய அளவைத் திருகி வைத்து இறுக்கினால் சரியான இறுக்கம் வந்ததும் டக்கென்று சத்தம் போடும் என்று விளக்குவேன், அந்த டக்கை நான் என் காதால் கேட்டதே கிடையாது. எதிர் வீட்டுக்காரர், நாம் சந்தேகம் என்று பேர் வைத்திருக்கிறோமே அவர்தான், ஒருநாள் பெட்டியைத் திறந்து காட்டச் சொன்னார். கை அழுக்காயிருக்கு, அப்புறம் பார்க்கலாம் என்று சமாளித்துவிட்டேன். அவர் கைதான் அழுக்கு என்று நினைத்துக்கொண்டு பாவம் போய்விட்டார்.

ஞாயிற்றுக்கிழமை நடந்ததை ஒன்றும் மறைக்காமல் எழுதுகிறேன். முன் டயர் இரண்டும் தேய்ந்திருந்தன, பின் டயர்களை முன்னால் மாற்றிப் போட்டால் இன்னும் கொஞ்ச காலம் ஓடும் என்று வாசலிலேயே ஜாக்கியைப் போட்டு உட்கார்ந்தேன். காரோடு வந்த பழைய எல் ஸ்பேனரை வைத்துத்தான் இறுக்கினேன். மூன்று சக்கரத்தை முடித்துவிட்டேன், வலது பக்கத்துப் பின் சக்கரத்துக்கு ஸ்பேனர் மேல் ஏறி நின்றே இறுக்கினேன், எதிர் வீட்டுச் சந்தேகம் தன் வாசலில் நின்றுகொண்டு ஏன் சார், எல்லாத்துக்கும் ஒரே அளவு இறுக்கம் வேணாமா என்று கேட்டார், என் கைக்குத் தெரியும் சார் என்று சொன்னேன். அந்த வார்த்தையை என் வாயாலேயே சொன்னேன் பாப்பா. எத்தனை கடைக்காரர்கள் என்னிடம் அதையே சொல்லியிருப்பார்கள், முப்பது வருஷமா நிறுத்துப் போடறேன் சார், என் கையே தராசு என்று. உங்க கைக்கு நான் முத்திரை குத்த முடியாதுங்க என்று சொல்லி அவர்கள் தராசைப் பறிமுதல் செய்தவன் நான்.

கடைசியாக இடது பக்கத்து முன் சக்கரம். சக்கரம் தரையில் படாமல் இருக்கும்போது ஐந்து போல்ட்டையும் சும்மா பிடிக்கிற அளவுக்கு மாட்டியிருந்தேன், ஜாக்கியை இறக்கிவிட்டு அழுத்தமாக இறுக்க வேண்டியதுதான் பாக்கி. ஜாக்கியை இறக்கினேன், அப்போது உன் ஃபோன் வந்தது. என்னப்பா பண்றீங்க என்று கேட்டாய். சக்கரம் மாத்தினேன்மா என்றேன். நான் அனுப்பினதுலதானே இறுக்கினீங்க என்று கேட்டாய். ஆமாம்மா, அதிலதான், இப்பத்தான் முடிச்சேன், டக்கு டக்குன்னு நல்லா சொல்லுது என்று சொன்னேன். நீ எவ்வளவு சந்தோஷப்பட்டாய். உள்ளே வெச்ச சீட்டைப் படிச்சீங்களா என்று கேட்டாய், சான்றிதழைத்தான் சொல்கிறாய் என்று நினைத்து அதற்கும் படிச்சேன்மா என்றேன். பிறகு உன் புது அறை, பக்கத்து மேஜைப் பெண், மழை என்று அரை மணி நேரம் பேசினோம். ஃபோனை வைத்ததும் நேரே போய்க் கை கழுவிவிட்டுச் சாப்பிட உட்கார்ந்துவிட்டேன். முடித்துவிட்டேன் என்று உன்னிடம் சொன்னேன் அல்லவா, என் மனசும் அதையே நம்பிவிட்டது. அந்தப் பொய்யைச் சொல்லாமல் இருந்திருந்தால் திரும்பிப் போய் அந்த ஐந்து போல்ட்டையும் இறுக்கியிருப்பேன். இதை நான் எந்தப் பக்கம் திருப்பிப் பார்த்தாலும் அப்படித்தான் வருகிறது.

மறுநாள் திங்கட்கிழமை கிளினிக் வேலை முடிந்து காரில் வந்ததும் அம்மா, முன்னால ஏதோ கடகடன்னு சத்தம் வருது, என்னன்னு பாருங்க என்றாள். ரோடு போட்டிருக்கிற லட்சணம் அப்படி என்றேன். செவ்வாய்க்கிழமையும் சொன்னாள், ரேடியோவைக் கொஞ்சம் சத்தமாக வெச்சுக்கோ என்று கிண்டல் செய்தேன். புதன்கிழமை காலை பாலத்து இறக்கத்தில் ஸ்டியரிங் நடுங்க ஆரம்பித்திருக்கிறது, நல்லவேளை உன் அம்மா என்னைப் போல் இல்லை, உடனே வேகத்தைக் குறைத்திருக்கிறாள். இரண்டு போல்ட் கழன்று விழுந்து சக்கரம் சாய்ந்து, கார் பக்கச் சுவரில் உரசிக்கொண்டே போய் நின்றிருக்கிறது, அந்த உலுக்கலில்தான் மணிக்கட்டு உடைந்தது. பின்னால் வந்த லாரிக்காரர் வண்டியைக் குறுக்கே நிறுத்தி மற்ற வண்டிகள் மோதாமல் பார்த்துக்கொண்டார், அம்மாவை இறக்கி உட்கார வைத்தார், உருண்டு போன ஒரு போல்ட்டையும் தேடிக் கொண்டுவந்து கொடுத்தார். அம்மா அதைத் தன் கைப்பையில் வைத்திருக்கிறாள். எனக்குக் கொடுக்கவில்லை.

இதுவரைக்கும் நடந்தது அஜாக்கிரதை என்று வைத்துக்கொள், இனி எழுதப் போவதற்கு அந்தப் பெயரும் கிடையாது. மெக்கானிக் வந்து பார்த்துவிட்டு இந்தச் சக்கரத்தை யாரு மாட்டினது என்று கேட்டார். நான்தான், என் பொண்ணு அனுப்பின டார்க் ரெஞ்சை வெச்சு இறுக்கினேன் என்றேன். அப்ப ரெஞ்சுதான் தப்பா காட்டுதோ என்னவோ என்றார். ஆமாம் என்று நான் தலையை ஆட்டினேன். ஒரு தலையாட்டல்தான், ஆனால் அன்று சாயங்காலம் நீ அழைத்தபோது அதையே உன்னிடமும் சொன்னேன், உன் ரெஞ்சிலதாம்மா இறுக்கினேன், எப்படி ஆச்சுன்னே புரியலை என்று. பிறகு பெட்டியில் இருக்கும் வரிசை எண்ணைப் படிக்கச் சொன்னாய், நான் அலமாரிக்குப் போய், பிரிக்காத பெட்டியின் மேலிருந்தே அதைப் படித்துச் சொன்னேன். அப்புறம் நீ அழுதாய். என்னாலதான்பா அம்மா கை போச்சு, நான் சரியா பாக்காம கையெழுத்துப் போட்டுட்டேன் என்று அழுதாய். நான் என்ன சொன்னேன் தெரியுமா, பரவாயில்லம்மா, யாருக்கும் நடக்கிறதுதான், மனசைப் போட்டு வருத்திக்காதே என்றேன். செய்தது நான், உன்னை மன்னித்ததும் நான்.

வெள்ளிக்கிழமை கையைத் தாங்கி வைக்க மெத்தென்று ஒரு போர்வை தேடி அம்மா அலமாரியைத் திறந்திருக்கிறாள். சாப்பிட உட்கார்ந்தேன், என் தட்டுக்குப் பக்கத்தில் பெட்டி இருந்தது. ஸ்டிக்கர் கிழியவில்லை என்பது தெரிகிற மாதிரி என் பக்கம் திருப்பி வைத்திருந்தாள். நான் சாப்பிட்டு முடிக்கும் வரை ஒரு கையால் பரிமாறினாள். பிறகு, கை உடைஞ்சதுக்கு நான் உங்களை ஒரு வார்த்தை சொன்னேனா, சொல்லல, சொல்லவும் மாட்டேன், ஆனா அந்தப் பொண்ணு ராத்தூக்கம் இல்லாம தன்னையே திட்டிக்கிட்டு இருக்கா, திங்கட்கிழமைக்குள்ள நீங்க சொல்றீங்களா, நான் சொல்லட்டுமா என்றாள். நானே சொல்கிறேன் என்றேன். சொல்வதற்கு ஒரு நாள் ஆகிவிட்டது, இன்று சனிக்கிழமை, அதற்கும் மன்னித்துக்கொள்.

இன்று காலை பெட்டியைப் பிரித்தேன். ரெஞ்சுக்கு அடியில் நீ வைத்த சீட்டு இருந்தது. நீ எழுதியது உனக்கு ஞாபகம் இருக்கும், இருந்தாலும் எழுதுகிறேன், நான் இப்போதுதானே படிக்கிறேன். அப்பா, இதை ஷோகேஸ்ல வெச்சுடாதீங்க, அழுக்குக் கையாலேயே பிடிங்க, நம்ம காருக்கு நூத்திப்பத்துல வைங்க, அம்பது கிலோமீட்டர் ஓடினதும் இன்னொரு தடவை இறுக்குங்க, கீறல் விழுந்தா வேற அனுப்பறேன் என்று எழுதியிருக்கிறாய். என்னை எவ்வளவு தெரிந்து வைத்திருக்கிறாய் என்று அப்படியே உட்கார்ந்துவிட்டேன். பிறகு அதைத் தூக்கிக்கொண்டு மெக்கானிக் கொட்டகைக்குப் போனேன். உள்ளதைச் சொன்னேன். அவர் ஆச்சரியப்படக்கூட இல்லை. அப்புறமா மத்த சக்கரத்தையும் பாத்தேன் சார், ஒவ்வொண்ணும் ஒரு தினுசா இருந்துச்சு, ஒண்ணைக் கழட்ட ஸ்பேனர்ல பைப்பு மாட்டி நெம்ப வேண்டியதாப் போச்சு, டார்க் ரெஞ்சுல இறுக்கினா அப்படி வராதே, நீங்களா சொல்வீங்கன்னு இருந்தேன் என்றார். அவருடைய ரெஞ்சையும் உன்னுடையதையும் நூற்றுப்பத்தில் வைத்து ஒரே போல்ட்டில் மாற்றி மாற்றிப் பார்த்தோம். இரண்டும் ஒரே இடத்தில் டக்கென்றன. அந்தச் சத்தத்தைக் கேட்டு எனக்கு அழுகை வந்துவிட்டது, கொட்டகையில் வேறு யாரும் இல்லை, அவரும் மறுபக்கம் திரும்பி ஏதோ தேடுகிற மாதிரி நின்றார்.

உன் மேலாளரிடம் ஏற்கெனவே ஏதாவது சொல்லியிருந்தால் இந்தக் கடிதத்தைக் காட்டு. அதற்காகத்தான் தாளில், என் கையெழுத்தில் எழுதுகிறேன். அவருக்கு நம் மொழி தெரியாது, நீதான் படித்துச் சொல்ல வேண்டியிருக்கும். அப்பா என்பதற்காக எந்த வரியையும் தாண்டிப் போகாதே, எதையும் மென்மையாக்கிச் சொல்லாதே, நான் ஃபோனில் சொன்ன பொய்யை முழுதாகச் சொல். ஒரு கருவி சரியாக இருக்கிறது என்று நீ எழுதியிருக்கிறாய், அது சரியாகத்தான் இருக்கிறது, அதற்குக் குறுக்கே நான் வந்து நிற்கக் கூடாது.

வேளைக்குச் சாப்பிடு, கழுத்து வலிக்கு மேஜையைக் கொஞ்சம் உயர்த்திக்கொள், மழையில் நனைந்த ஷூவோடு நாள் முழுக்க இருக்காதே. அம்மா கையைப் பற்றிக் கவலைப்படாதே, அவளை நான் பார்த்துக்கொள்கிறேன், பின்னலும் இப்போது கொஞ்சம் தேறிவிட்டது. கார் செவ்வாய்க்கிழமை வரும். ஐம்பது கிலோமீட்டர் ஓடியதும் உன் ரெஞ்சாலேயே இன்னொரு தடவை இறுக்குகிறேன், அம்மா பக்கத்தில் நின்று ஒவ்வொரு டக்கையும் எண்ணுவதாகச் சொல்லியிருக்கிறாள், எண்ணிக்கையை அவளிடமே கேட்டுக்கொள், என்னிடம் கேட்காதே. நீ நீண்ட நாள் நல்ல உடம்போடும் நல்ல பேரோடும் இருக்க வேண்டும். எப்போதும் கடிதத்தின் அடியில் ஓய்வு பெற்ற எடை அளவு ஆய்வாளர் என்று போடுவேன், நீயும் வீட்டுக் கடிதத்துக்கு எதுக்குப்பா பதவி என்று சிரிப்பாய். இந்தத் தடவை போடவில்லை.

அப்பா