ஒன்றேகால் மில்லிமீற்றர்

யூன் 4, செவ்வாய்

இந்தக் கொப்பியில் நடந்ததை நடந்தபடியே எழுதுவேன், எனக்கு வெட்கமானதையும் சேர்த்து. அதனால் அதையே முதலில் எழுதுகிறேன். அப்பாவின் பையில் ஸ்ரேப்ளர் தேடும்போது ஒரு கடிதம் கிடைத்தது. முழுவதையும் வாசித்துவிட்டேன்.

'எனது பார்வை குறைந்து வருவதால் இப்பணியிலிருந்து விடுவிக்குமாறு தயவுடன் கேட்டுக்கொள்கிறேன். க. விவேகானந்தன்.' திகதி அடுத்த திங்கள், பத்தாம் திகதி.

மலைப்பக்கத்து மழைமானிகள் அனுப்பும் எண்களைக் கணினியில் பார்த்து, தோட்டங்களுக்குத் தொலைபேசியில் சொல்வதுதான் அப்பாவின் வேலை. பதினெட்டு வருடமாகச் செய்கிறார். போன கிழமை தெல்தோட்டைப் பக்கத்தில் 33 மில்லிமீற்றர் பெய்ததை 83 என்று சொல்லிவிட்டார். மண் சரியும் என்று பயந்து, இரண்டு லயத்து வரிசை வீடுகளின் ஆட்கள் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு பள்ளிக்கூடத்தில் போய்ப் படுத்தார்களாம்.

யூன் 5, புதன்

"கண் டொக்டரிட்டக் காட்டுங்கோ எண்டா கேக்கிறாரில்லை," என்றார் அம்மா.

"காட்டி என்ன? என்ர அப்பாவுக்கும் அம்பது வயசிலதானே தொடங்கினது." தாத்தாவுக்குக் கடைசியில் ஒன்றுமே தெரியாமல் போனது. புட்டு ஆறிவிட்டது.

ஆனால் ஒன்று கவனித்தேன். பேப்பரில் மரண அறிவித்தல்களை அப்பா கண்ணாடி போட்டுக்கொண்டு தடுமாறாமல் வாசிக்கிறார். அதுவும் பொடி எழுத்துத்தான். அப்படியென்றால்?

யூன் 6, வியாழன்

பள்ளிக்கூடச் சோதனையில் என் கண் 6/6, குறையே இல்லை. அப்பா வீட்டுக்குக் கொண்டுவரும் கணினித் திரையில் எது 3, எது 8 என்று எனக்கும் தெரியவில்லை.

யூன் 7, வெள்ளி

கொம்பாஸ் பெட்டி அடிமட்டத்தால் அளந்தேன். போன மாதம் வேலையிடத்தில் தந்த புது மடிக்கணினியில் ஒரு எழுத்தின் உயரம் ஒன்றேகால் மில்லிமீற்றர். அலுமாரியில் கிடக்கும் பழையதில் மூன்றரை.

ஏன்? அப்பாவின் வேலைக்குப் படமும் இல்லை, மவுஸும் இல்லை. கறுப்புத் திரையில் வெறும் எழுத்து. ஒவ்வோர் எழுத்தும் பதினாறு புள்ளி உயரம். பழையதிலும் பதினாறு, புதியதிலும் பதினாறு. புதியதில் புள்ளிகள் மட்டும் கிட்டத்தட்ட மூன்று மடங்கு சின்னவை. திரை நல்லதாக இருப்பதால்தான் வாசிக்க முடியவில்லை!

அப்பாவிடம் ஓடிப்போய்ச் சொன்னேன். வேலையிடத்தில் ஏன் சொல்லவில்லை என்றும் கேட்டேன்.

"புது மெசின் எண்டு ஆசையாத் தந்தவங்கள், பிள்ளை. தந்த சாமானில குறை சொல்லுறதே?"

குறையைத் தன் கண்ணின் மேலேயே போட்டுக்கொண்டார்.

யூன் 8, சனி

கணக்குச் செய்ய என் வகுப்பு ரிப்கா வந்தாள். திரையைப் பார்த்துவிட்டு, "என்ன புள்ள இது, எறும்புக்கு செஞ்ச கொம்பியூட்டரா?" என்றாள்.

இணையப் பக்கங்களைப் பெரிதாக்கும் விசைகளை அமத்தினோம். ஒன்றும் நடக்கவில்லை. கணினிக்குள்ளேயே கையேடு இருக்கிறது. அதுவும் எறும்பு எழுத்து! ரிப்காதான் கைபேசியால் படம் எடுத்துப் பெருப்பித்து வாசிக்கலாம் என்றாள். இருபத்தாறு படம் எடுத்தோம். பதினேழாவதில் இருந்தது: setfont -d. எழுத்தை இரட்டிப்பாக்கும்.

"ஓம், அடிச்சுப் பார். ஒண்டையும் அழிச்சுப்போடாதை," என்று அப்பா கடவுச்சொல்லைத் தந்தார்.

அடித்தேன். திரை ஒரு கணம் துடித்தது. அளந்தேன்: இரண்டரை மில்லிமீற்றர்.

அப்பா கதிரையில் இருந்தபடியே எண்களை வாசித்தார். பன்னிரண்டு வரி, ஒரு பிழையும் இல்லை. பிறகு எழும்பிப்போய் முகம் கழுவினார்.

யூன் 9, ஞாயிறு

காலையில் கணினியைப் போட்டால் மறுபடி எறும்பு. எனக்கு அழுகை வந்துவிட்டது.

"ஒருநாள் வைத்தியம்," என்று சொல்லி அப்பா நாளைக்குப் போடும் சட்டையை எடுத்து மடித்தார். கடிதம் அதன் பொக்கற்றுக்குள் இருந்தது.

என்ன செய்வேன்? திரும்பவும் படங்களைப் பார்த்தேன். நேற்று அடித்தது அந்த நேரத்துக்கு மட்டும். கணினி எழும்பும்போது தானே வாசிக்கிற கோப்பு ஒன்று உண்டு. அதில் எழுதினால்தான் நிலைக்கும். எழுத்துருக்களின் பெயர்களும் ஒரு கோப்புறையில் இருந்தன. பெயரிலுள்ள எண்தான் உயரம், ஆகப் பெரியது 32. அதைக் கோப்பில் எழுதினேன். முதல் தடவை பிழையாகிவிட்டது: ஒன்று என்ற எண்ணை ஆங்கில 'எல்' என்று நினைத்து அடித்திருக்கிறேன். திருத்தினேன். மூன்று தரம் நிறுத்திப் போட்டுப் பார்த்தேன். மூன்று தரமும் பெரிய எழுத்து.

இனியும் மறைக்க முடியவில்லை. "கடிதத்தை வாசிச்சனான் அப்பா," என்றேன்.

"தெரியும். மடிப்பு மாறியிருந்தது."

கடிதத்தை எடுக்காமலே சட்டையை அலுமாரியில் வைத்தார்.

யூன் 10, திங்கள்

பள்ளிக்கூடத்தில் ஒரு பாடமும் ஏறவில்லை.

அப்பா ஐந்து மணிக்கு வந்தார். அவருடைய மேலதிகாரி றஜீவ் முப்பது வயதுக்காரர். அப்பாவின் திரையைக் குனிந்து பார்த்துவிட்டு மெதுவாகக் கேட்டாராம்: "அண்ணே, இதெப்படி? நான் ஒரு மாசமா போன்ல படம் புடிச்சுத்தான் பாக்குறேன். கண்ணு போயிருச்சுனு நெனச்சு யார்கிட்டயும் சொல்லல. எனக்கும் செஞ்சு குடுங்க."

நான் மாற்றிய கோப்பைப் பார்த்து, மத்தியானத்துக்குள் அங்குள்ள ஆறு கணினிகளிலும் அப்பா மாற்றிக் கொடுத்தாராம். கடிதத்தைக் கொடுக்கவில்லை. புதன்கிழமை கண் டொக்டரிடம் போகிறாராம், அம்மாவுக்காக. தாத்தாவின் நோய் இவருக்கும் இருக்கிறதா என்று அன்றைக்குத்தான் தெரியும்.

இப்போது மலையில் நல்ல மழை. பக்கத்துக் கதிரையில் சாய்ந்தபடி அப்பா தெல்தோட்டைக்குத் தொலைபேசியில் சொல்கிறார்: "முப்பத்தெட்டு. ஓம், மூண்டு, எட்டு. வடிவாப் பாத்துத்தான் சொல்லுறன்."

பல்ப் வெளிச்சம் திரையில் பட்டுத் தெறிக்கிறதாம். லைற்றை நிறுத்தப் போகிறேன்.