ஐம்பதாவது பீஸ்

என் பாத்திமாக்காவுக்கு,

நேத்து மத்தியானம் கண்ணு சொருகற நேரத்துல வந்தீங்க. பஞ்சுத் தூசி வெயில்ல மெதந்துட்டே இருக்குது. நம்ம பனியன் கம்பெனி செக்கிங் டேபிள்ல எனக்கு எதிர்ல நீங்க, கையில அந்தச் சிவப்பு வேஸ்ட் துணி. ரெண்டு பேரும் பேசலை. இருபத்திரண்டு வருசமாப் பேசாதவ, கனவுல மட்டும் பேசிருவனா?

போன மாசம் நீங்க போய்ச் சேர்ந்தப்பக்கூட உங்க தெருமுனை வரைக்கும் வந்துட்டுத் திரும்பிட்டேன்.

ஞாபகம் இருக்குதுங்களா? பனியனை அடுக்கி, கட்டு இத்தோட முடிஞ்சுதுன்னு தெரியக் கடைசியில அந்தத் துணியை வைப்பீங்க. அன்னைக்கு நான் ஐம்பதுன்னு எழுதினேன். பேக்கிங்ல பிரிச்சா நாப்பத்தொன்பது.

"வேஸ்ட்டையும் சேத்து எண்ணிட்டியா சரசு? பாத்துட்டு எண்ணு புள்ளே!"

நீங்க இப்படிச் சொன்னதும் மொத்த லைனும் சிரிச்சுது. எனக்கு ஒடம்பெல்லாம் எரிஞ்சுது. ஒரு பீஸை நீங்க எடுத்துட்டீங்கன்னு சூப்பர்வைசர்கிட்டச் சொன்னேன். மறுநாள்ல இருந்து நீங்க கம்பெனிக்கு வரலை.

நேத்து முழிச்சுப் பாத்தா, பக்கத்துல பேத்தி கவிதா கம்ப்யூட்டரோட உக்காந்திருக்கறா. காலேஜ் பாடம். அசெம்ப்ளின்னு மெஷினுக்குன்னே ஒரு பாஷையாம். ஒரு பேரைக் குடுத்தா எத்தனை எழுத்துன்னு அது சொல்லோணும். எழுத்தெல்லாம் வரிசையா நிக்கும், கடைசியில ஒரு சைபர். ஒவ்வொண்ணா எண்ணிட்டே போயி, சைபரைப் பாத்தா நின்னுக்கோணும்.

"ஒரு பேர் சொல்லுங்க அப்பாயி."

"பாத்திமா."

எப்படி வாயில வந்துச்சுன்னு தெரியலீங்கக்கா.

இங்கிலீசுல ஏழு எழுத்தாம். மெஷின் எட்டுன்னுச்சு. அவ தலையைப் பிச்சுக்கிட்டா.

"கடைசி சைபரையும் சேத்துக்கிச்சு கண்ணு. எண்ணிட்டுப் பாக்குது. பாத்துட்டு எண்ணச் சொல்லு."

ரெண்டு வரியை இடம் மாத்தினா. ஏழு!

"அசெம்ப்ளி எந்தக் காலேஜ்ல படிச்சீங்க?"ன்னு கிண்டல் வேற. எனக்குச் சிரிப்பு வரலை. என் வாயில வந்தது உங்க பேச்சு.

அந்த ஐம்பதாவது பீஸு சிவப்புத் துணிதானுங்களே? அன்னைக்கே உனக்குத் தெரியாதான்னு மட்டும் கேட்டுறாதீங்க.

என் கருநீலச் சேலையை எரவல் வாங்கிக் கறையோட குடுத்தீங்களே, அதை நான் இன்னும் மன்னிக்கலை. அது வேற.

வெள்ளிக்கிழமை உங்க ஊட்டுக்கு வர்றேன். உங்க மக ஆயிஷா கதவைச் சாத்தினாலும் வாசல்ல நின்னு, தெருவுக்கே கேக்கறாப்பல சொல்லுவேன்: "உங்கம்மா எடுக்கலை. நாந்தான் தப்பா எண்ணினேன்." அன்னைக்கு லைன் சிரிச்ச மாதிரி தெருவும் சிரிக்கட்டும்.

பாத்துட்டு எண்ணாத உங்க தங்கச்சி,
சரசு