ஓடுகிறவன் படம் போட்ட உறை

இஞ்சாருங்கோ,

காசைக் கொட்டி வாங்கி மேசை லாச்சியில் சேர்த்து வைத்திருக்கும் அமெரிக்க உள்நாட்டுப் போர்க்காலத்து அந்தக் கடித உறைகளை வருகிறவர்களுக்கெல்லாம் காட்டுவீர்கள். “அடிமை தப்பி ஓடுறான், எசமான் சவுக்கோட நிண்டு கத்துறான், பாருங்கோ!” என்று விழுந்து விழுந்து சிரிப்பீர்கள். சிரிப்பு அடங்குமுன், “எங்கையப்பா தேத்தண்ணி?” என்று என்னிடம் கத்துவீர்கள். எத்தனை தரம்!

அதே மேசை லாச்சியில்தான் என் பாஸ்போர்ட்டையும் ஏழு வருடமாகப் பூட்டி வைத்தீர்கள். கேட்டால், “உமக்கு எங்கை போக இருக்கு?”

இருந்தது. கோலியர்ஸ் வுட்டில் தங்கச்சி வீடு. பாஸ்போர்ட் என்னிடம் பத்திரம். கூப்பிட வர வேண்டாம்.

உறை வாங்கக் கடைக்குப் போகப் பஞ்சியாக இருந்தது. லாச்சியில் கிடந்த, அந்த ஓடுகிறவன் படம் போட்டதையே எடுத்து முத்திரை ஒட்டினேன். எந்தக் கடிதம் வந்தாலும் உறையைப் பார்க்காமல் கிழிப்பது உங்கள் பழக்கம். இதையும் கிழித்திருப்பீர்கள்.

இவ்வளவு நாளும் தேத்தண்ணி போட்டவள்