சுவரில்லாத கேரவன்

ஏப்ரல் 19
கொட்டகைக்குப் பின்னால் பனி இன்னும் முழங்கால் உயரம். நீலத் தார்ப்பாய்க்குள் கேரவன், காரில் கட்டி இழுக்கும் எங்கள் கோடை வீடு. என்னைவிடப் பன்னிரண்டு வயது மூத்தது.
“என்னடி, இந்த வருஷம் தேறுமா?” அம்மா.
பார்க்கிறேன் என்றேன்.

ஏப்ரல் 27
தார்ப்பாயை விலக்கி, மூலை மரச் சுவரில் திருப்புளியை வைத்து அழுத்தினேன். கைப்பிடிவரை உள்ளே போயிற்று. சத்தமே இல்லை.
அப்பா இறந்தபின் ஆறு அக்டோபராக, குளிர்காலத்துக்கு முன் அம்மாதான் இதை மூடிக் கட்டுகிறாள். காற்றுப் புகாமல், அவ்வளவு இறுக்கமாக. உள்ளே இருந்த ஈரத்துக்கு வெளியேற வழியில்லை. பாதுகாத்ததால் மக்கியிருக்கிறது. இதை எப்படிச் சொல்வது?

ஏப்ரல் 28
சொல்லவில்லை.

மே 4
கோடையில் வண்டியை நிறுத்தும் முகாமில் எங்கள் பக்கத்து இடத்துக்காரர் ஆர்வோ வந்து தட்டிப் பார்த்தார்.
“இது வண்டியில்ல, ஊறின ரொட்டி. சரிபண்ண ரெண்டு கோடை ஆகும்.”
முகாம் திறக்கும் மே 24 மதியத்துக்குள் வண்டி போய் நிற்காவிட்டால், ஏரிக்கரையில் எங்கள் பதினான்காம் எண் இடம் காத்திருப்பவர்களுக்குப் போய்விடும். நாற்பது வருட இடம்.
“நான் கட்டினதாலயா?” அம்மா கேட்டாள்.
ஆர்வோ தன் பூட்ஸைப் பார்த்தார். நான்தான் ஆமாம் என்றேன்.

மே 5
அம்மா காப்பி மட்டும் வைத்தாள் – எனக்கும் சேர்த்து.

மே 11
பலகை ஒவ்வொன்றையும் மாற்றியபின் அது அதே வண்டிதானா? பல்கலைக்கழகத்தில் இதை வைத்து ஒரு மாலை முழுக்கப் பேசியிருப்போம். அம்மாவுக்கு இந்தக் கேள்வியே கிடையாது. அவளுக்கு வேண்டியது அந்தக் கரை, துணிக்கொடிக்கு இந்தப் பக்கம் நின்று ஆர்வோவைத் திட்டும் மாலைகள். அப்படியானால் எதைக் காப்பாற்றப் பார்க்கிறேன்?
முகாமின் விதிமுறைத் தாளை மறுபடி படித்தேன். ‘சக்கரங்கள் இடத்தில் நிற்க வேண்டும்.’ சுவர் பற்றி ஒரு சொல் இல்லை.

மே 12
“சுவரே இல்லாமயா? பைத்தியமாடி உனக்கு?” அம்மா.
ஒரு மணி நேரம் கழித்து: “கடப்பாரை எங்க இருக்கு?”

மே 24
இந்தப் பன்னிரண்டு நாளில் சுவர், கூரை எல்லாவற்றையும் பிரித்தோம். அடியில் இரும்புச் சட்டம் திடமாக இருந்தது. மேலே புதுப் பலகை, பலகைமேல் கூடாரம். இன்று பதினொன்றே முக்காலுக்கு முகாம் போய்ச் சேர்ந்தோம்.
“ஐர்யா, உன் வீட்டைக் காத்து தூக்கிட்டுப் போயிடுச்சா?” ஆர்வோ அம்மாவைப் பார்த்துக் கத்தினார்.
“உன் மூஞ்சி நல்லாத் தெரியட்டும்னு ஜன்னலைக் கொஞ்சம் பெருசாக்கினேன்.”
முகாம் மேலாளர் குனிந்து சக்கரங்களைப் பார்த்தார். சிரிப்பை அடக்கிக்கொண்டு எங்கள் பெயருக்கு எதிரே குறியிட்டார்.
சாயங்காலம் தூறல். கூடாரத்தின்மேல் நீலத் தார்ப்பாயை இழுத்துக் கட்டினேன். அம்மா வந்து ஒரு பக்க முடிச்சை மட்டும் அவிழ்த்துவிட்டாள்.
“காத்து வரட்டும்டி.”